மழையைக் கட்டிய ஆன்டெனா

என் மாமா நல்லகாமனுக்குப் பத்து நாள் வெயில் வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அலங்காநல்லூருக்கு வடக்கே, எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அவருடைய செங்கல் சூளை இருந்தது. எண்பத்தைந்தாம் வருடம் புரட்டாசி பிறந்தபோது களத்தில் அறுபதாயிரம் பச்சைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக்கல் என்றால் பச்சை நிறம் என்று என் கல்லூரி நண்பர்கள் நினைத்தார்கள். அச்சில் அடித்து வைத்த, இன்னும் சுடாத கல் அது. சுட்டால் செங்கல். சுடுவதற்கு முன் ஒரு மணி நேரம் மழை பெய்தால் மறுபடியும் கண்மாய் மண். பத்து நாள் காய வைத்து, சூளையில் அடுக்கி, தீ மூட்டிவிட்டால் மாமா அந்த வருடத்தைத் தாண்டிவிடுவார். ஐப்பசி வந்துவிட்டால் எந்தச் சூளைக்காரனும் அச்சைக் கையில் எடுப்பதில்லை. ஆகவே அதுதான் கடைசிச் சூளை.

களத்தை ஒட்டி ஒரு வரப்பு. வரப்பைத் தாண்டினால் எங்கள் நிலம், இரண்டு குறுக்கம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், மழையை நம்பிய மானாவாரி. என் அம்மா அன்னக்கொடி, மாமாவின் அக்கா, அதில் சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் வந்தால் தம்பி ஏசுவார். மேகம் போனால் அக்கா ஏசுவாள். மதுரையில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் அம்மாவின் சோற்றைத் தின்று மாமாவின் செலவில் படித்து வந்ததால், மழை விஷயத்தில் எனக்கென்று கருத்து எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஊரில் ஒரே ஒரு டிவி இருந்தது, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில். மதுரையில் டிவி ஒளிபரப்பு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டெல்லியில் ஒளிபரப்புவது செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து மதுரையில் இறங்கி, மதுரையிலிருந்து சிறிய கோபுரம் வழியாக எங்களுக்கு வந்தது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி இறங்கும்வரை நன்றாக இருந்த படம், மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற பத்து மைலில் களைத்துப் போனது. மனிதர்கள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். புள்ளிகள் இந்தி பேசின. சில நாள் சாயங்காலம் கோதுமைக்கு எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று விளக்கினார்கள். எங்கள் ஊரில் கோதுமையை ரேஷன் கடையில்தான் பார்த்திருக்கிறோம் என்றாலும், சங்கத் தலைவர் கருத்தக்கண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பார்.

மாமா செய்தி முடிகிற நேரத்துக்கு மட்டும் வருவார். அப்போது, செயற்கைக்கோள் எடுத்த படம் என்று இந்தியாவைக் காட்டுவார்கள். மேகம் இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியுமாம். எங்கள் டிவியில் இந்தியா முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. இலங்கையும் அப்படியே.

"மாப்ள, நம்ம களத்து மேல இருக்கிறது மேகமா, இந்தப் பொட்டியோட கோளாறா?"

"ரெண்டும் இருக்கலாம் மாமா."

"காலேசுக்குப் போறவன்கிட்ட கேட்டேன் பாரு."

மறுநாள் களத்தில் கல் திருப்பிக்கொண்டே விசாரணையைத் தொடர்ந்தார்.

"அந்தப் படம் எடுக்கிறது எங்க இருக்கு?"

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல."

"நிக்கிதா, சுத்துதா?"

"சுத்துது மாமா. பூமியும் சுத்துது, அதுவும் அதே வேகத்துல சுத்துது. அதனால நிக்கிது."

மாமா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "ரெண்டும் சுத்துறதால நிக்கிது."

"ஆமா."

"பரீச்சையிலயும் இப்படித்தான் எழுதுறியா?"

எனக்கு ரோசம் வந்தது. எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னதையெல்லாம் கொட்டினேன். எழுபத்தைந்தில் அமெரிக்காக்காரனிடம் ஒரு செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி, ஆந்திரா, பீகார் என்று ஆறு மாநிலத்துக் கிராமங்களில் நேராக வானத்திலிருந்தே டிவி காட்டினார்கள். நடுவில் கோபுரம் கிடையாது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை, ஏன் என்று பேராசிரியருக்கும் தெரியவில்லை. வருடம் முடிந்ததும் கொடுத்தவன் அதை வானத்திலேயே நகர்த்திக் கொண்டுபோய்விட்டான். ஆறு மாநிலத்துக் கிராமங்களும் பழையபடி சாயங்காலம் பேசிக்கொண்டிருக்க ஆரம்பித்தன. எண்பத்திரண்டில் நம் பெயரில் ஒன்றை அனுப்பினார்கள், சில மாதத்தில் செத்துப்போனது. மறு வருடம் அனுப்பியதுதான் இப்போது தலைக்கு மேல் நிற்பது. டெல்லிப் படம், டெலிபோன் பேச்சு, மேகத்தின் போட்டோ, எல்லாச் சுமையும் அந்த ஒன்றின் தலையில்தான்.

"அந்த ஆந்திராக்காரங்க நேரா மேலருந்து எப்படிப் புடிச்சாங்க?"

"பத்தடியில ஒரு தட்டு. கோழிவலையில செஞ்சது."

"கோழி அடைக்கிற வலையா?"

"அதே வலைதான்."

மாமா களத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு டவுனுக்குப் போவம். அந்த டிவி டேசன்ல அவங்க என்ன வச்சிருக்காங்கன்னு பாப்பம்."

டிவி நிலையம் என்று நாங்கள் கற்பனை செய்திருந்தது வேறு. அங்கே ஒரு கட்டடம், ஒரு கோபுரம், கம்பி வேலிக்குள் ஒரு பெரிய தட்டு, ஒரு காவலாளி, அவ்வளவுதான். காவலாளியின் பெயர் அழகுமலை, ஆனையூர்க்காரர். நாங்கள் போனபோது காலில் சலங்கை கட்டிய ஒயிலாட்டக் கோஷ்டி ஒன்றிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க யாரையும் படம் புடிக்கிறதில்லண்ணே. கேமராவே கெடையாது."

"டிவி டேசன்ல கேமரா இல்லையா?"

"டெல்லிலருந்து மேல போகுது. மேலருந்து இந்தத் தட்டுல விழுகுது. நாங்க எடுத்து ஊருக்கு விடுறோம். அம்புட்டுத்தான்."

கோஷ்டித் தலைவர் யோசித்துவிட்டு, "அப்ப எங்களையும் ஒரு தடவ மேல அனுப்பச் சொல்லுங்களேன்" என்றார்.

நான் உள்ளே போய் இன்ஜினியரைப் பார்த்தேன். நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வருகிற அலை மிகவும் பலவீனமானது, அதைப் பெருக்க ஒரு கருவி, அலைவரிசையை மாற்ற இன்னொரு கருவி, இரண்டும் கடையில் கிடைக்காது, என்று இருபது நிமிடம் பேசினார். அவர் பேசியதில் எனக்குத் தெளிவாகப் புரிந்த சொல் கோழிவலை. அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த இருபது நிமிடத்தில் வாசலில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மாமா வேலிக்கு வெளியே நின்று தட்டைப் பார்த்திருக்கிறார். டெல்லிப் பக்கம் இந்தத் தட்டுகள் சாய்ந்து நிற்குமாம். நாம் பூமியின் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம், செயற்கைக்கோளோ இடுப்புக்கு நேர் மேலே நிற்கிறது, ஆகவே நம் ஊர்த் தட்டு ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும், விருந்துக்குக் கழுவி வைத்த அண்டா மாதிரி.

"இது ஏண்ணே வானத்தப் பாத்துக் கெடக்கு?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

"யாருக்குத் தெரியும்ணே. இத வச்ச நாள்லருந்து இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்ல. அது மட்டும் தெரியும்" என்று அழகுமலை கொட்டாவி விட்டிருக்கிறார்.

"வச்ச நாள்லருந்தா?"

"வச்ச நாள்லருந்து."

செங்கல் சூளைக்காரர்கள் மழையைக் கட்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல் காய்கிற காலத்தில் மழை தள்ளிப்போனால், சூளைக்காரன் களத்து மூலையில் ஏதோ ஒரு கலயத்தைப் புதைத்து மந்திரித்து மழையைக் கட்டிவிட்டான் என்று ஊர் பேசும். மாமாவை மூன்று வருடமாக அப்படிப் பேசினார்கள். கலயம் எப்படிப் புதைப்பது என்று சொல்லித் தர ஆள் கிடைக்காமல் மாமா மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா எனக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தார். இதற்கு முன் வாங்கிக் கொடுத்ததில்லை.

"மாப்ள, தட்டு எப்ப ரெடியாகும்?"

"வலை, கம்பி, வெல்டிங்... ரெண்டு நாள்."

"நாளைக்கே செஞ்சிரு."

மேகப் படத்தைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவே இல்லை. விஞ்ஞானத்தின் மேல் அவருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்து நான் மிக்சரைத் தின்றேன்.

செல்லூரில் தறிகளுக்கு நடுவே சேக் மைதீன் பாயின் வெல்டிங் பட்டறை. தறிச் சத்தத்தில் அவர் எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவார். நான் கிராஃப் தாளில் பரவளைவு வரைந்துகொண்டு போயிருந்தேன்.

"தம்பி, கணக்கெல்லாம் உங்க சார்கிட்ட காட்டுங்க! எனக்குச் சட்டி மாதிரி வேணுமா, தட்டு மாதிரி வேணுமா, அதச் சொல்லுங்க!"

நான் சமன்பாட்டைப் பார்த்தேன். "ரெண்டுக்கும் நடுவுல பாய்."

"பிரியாணித் தட்டு!"

"கிட்டத்தட்ட."

"அப்படிச் சொல்ல வேண்டியதுதானே!"

மறுநாள் சாயங்காலம் பத்தடிப் பிரியாணித் தட்டைச் செங்கல் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தோம். வழியில் இரண்டு ஊர்களில் கோழி விலை கேட்டார்கள். களத்தின் நடுவில் நாலு செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் தட்டை ஏற்றினோம். நான் தூக்குக்குண்டும் திசைகாட்டியும் வைத்துக் கொஞ்சம் தென்மேற்காகச் சாய்த்தேன். மாமா வந்து நிமிர்த்தினார்.

"மாமா, கோள் நேர் மேல இல்ல. கொஞ்சம் சாய்வா இருக்கு."

"நம்ம களம் நேர் கீழதான இருக்கு? நேரா வை."

இந்த வாக்கியத்தில் தவறு எங்கே இருக்கிறது என்று நான் இரண்டு நிமிடம் தேடினேன். அதற்குள் அவர் கம்பியை முறுக்கிவிட்டார்.

கருத்தக்கண்ணன் பெரிய மனசு செய்து சங்கத்து டிவியை மாட்டு வண்டியில் அனுப்பிவைத்தார், தானும் வந்தார். ஊரில் பாதி வந்தது. தட்டின் நடுவில் நிறுத்திய கம்பியிலிருந்து ஒயரை இழுத்து டிவியில் சொருகினேன். இதுவரை புள்ளிகளுக்கு நடுவே மனிதர்கள் தெரிந்தார்கள் அல்லவா, இப்போது மனிதர்களின் தொந்தரவு இல்லாமல் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. நல்ல வெளிச்சமான புள்ளிகள். அரை மணி நேரம் எல்லோரும் பார்த்தார்கள்.

"இது எந்த ஊரு தம்பி?" என்று கருத்தக்கண்ணன் மரியாதையாகக் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் தோளைத் தட்டினார்.

"படம் வராட்டி என்ன மாப்ள? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பிரிச்சு வலையையாவது கோழிக்குப் போடலாமே மாமா?"

"கை வச்சேன்னா கைய ஒடச்சிருவேன்" என்றார் அன்பாக.

தட்டு வைத்த இரண்டாம் நாள் அழகர்மலைப் பக்கமிருந்து கருமேகம் ஒன்று வந்தது. களத்துக்கு மேல் வந்து சற்று நின்று, வாடிப்பட்டிப் பக்கம் போய்விட்டது. நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் பாலமேட்டில் மழை, எங்கள் ஊரில் வெயில். மாமா காலையில் எழுந்ததும் முதலில் தட்டைப் பார்த்துக் கும்பிடுவதை நான் பார்த்தேன். அன்றுதான் அழகுமலை சொன்னதை எனக்குச் சொன்னார். ரகசியம் என்றார்.

"மாமா, அதுக்கும் மழைக்கும் சம்பந்தமே கெடையாது."

"பெஞ்சிச்சா?"

"இல்ல."

"பெறகு?"

நான் யோசித்தேன். ஆன்டெனா என்று வைத்தது படம் பிடிக்கவில்லை. மழை கட்ட வைத்ததாக மாமா சொல்லும் அதே தட்டு ஐந்து நாளில் ஒரு முறைகூடத் தவறவில்லை. சோதனைச் சாலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறைப்படி பார்த்தால் மாமாவின் கட்சிதான் பலமாக இருந்தது.

ரகசியம் அன்று மத்தியானமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குத்தான் கடைசியாக வந்தது.

"டேய், தம்பி களத்துல அதச் செஞ்சு வச்சது நீயாடா?" அம்மா கரண்டியோடு நின்றாள்.

"அது டிவிக்கும்மா."

"டிவி வந்துச்சா?"

"வரல."

"மழை வந்துச்சா?"

"வரல."

"வெதச்சத எறும்பு இழுத்துட்டுப் போகுது. அங்க அவன் கல்லத் திருப்பித் திருப்பிப் போட்டு வெயில் காட்டுறான். பெத்த தாய் நெலத்துக்கு மழை வராமக் கட்டுறதுக்கா உன்னயக் காலேசுக்கு அனுப்புனேன்?"

"அனுப்புனது மாமாம்மா" என்று நான் சொன்னது சரியான சமயம் அல்ல.

ஆறாம் நாள் சாயங்காலம் பெண்கள் கொடும்பாவி இழுத்தார்கள். மழை பொய்த்தால் ஊரில் எவனோ பெரிய பாவி இருக்கிறான் என்று பொருள். அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரில் அடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். வழக்கமாக அந்தப் பாவிக்கு முகம் இருக்காது, பெயரும் இருக்காது, அதுதான் அதன் நாகரிகம். இந்த வருடம் முகம் இருந்தது. கரியால் வரைந்த பெரிய மீசை. இடுப்பில் பெல்பாட்டம் பேன்ட். தலையில் கோழிவலையில் வளைத்த ஒரு சின்னத் தட்டு, மல்லாக்க.

நானும் மாமாவும் பால் சொசைட்டி மறைவில் நின்று பார்த்தோம்.

"மாப்ள, மீசையப் பாரு. என்னயத்தான் செஞ்சிருக்காளுக."

"பேன்ட் என்னுது மாமா."

"உன்னுதா?"

"போன தீவாளிக்கு எடுத்தது. கொடியில காணோம்னு காலையிலருந்து தேடுறேன்."

"அப்ப யாரத்தான் செஞ்சிருக்காளுக?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முன்னால் மாரில் அடித்துக்கொண்டு போனது என் அம்மா. 'படுபாவி போனானே, பச்சப் பயிரத் தின்னானே' என்று அவள் அழுத அழுகையில் உண்மையான துக்கம் இருந்தது. எங்களைக் கடக்கும்போது மறைவைப் பார்த்து, "சோறு வடிச்சு வச்சிருக்கேன், ரெண்டு பேரும் போய்ச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

எட்டாம் நாள் காலையில் கிழக்கே வானம் கருத்திருந்தது. மேற்கேயும் கருத்திருந்தது. காற்று அடியோடு நின்றுபோனது. மாமா தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டே நாள் என்று முணுமுணுத்தார். மேகம் அடிக்கடி வெயிலை மறைத்ததில் கல் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தது. அடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கருத்தக்கண்ணன் பத்துப் பேரோடு வந்தார். அவர் மாமாவுக்கு மச்சான் முறை. சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"மச்சான், இது என்னது?"

"டிவி ஆன்டெனா மச்சான். நீங்கதான் வந்து பாத்தீங்கள்ல."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன? சாமி சத்தியமா டிவிக்குத்தான். மாப்ளயக் கேளுங்க, படிச்சவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "டிவிக்குத்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக நானும் மாமாவும் ஒரே விஷயத்தைச் சொன்னோம். நான் உண்மையையும் அவர் பொய்யையும் சொன்னோம் என்பதுதான் சங்கடம்.

"டிவி வருதா?"

"வரல" என்றேன்.

"வருமா?"

"வராது போல."

கருத்தக்கண்ணன் தலையாட்டினார், கோதுமை நிகழ்ச்சிக்கு ஆட்டுகிற மாதிரியே. "சரி. டிவிக்கு வச்சது. டிவி வரல. இனிமேயும் வராது. அப்ப இதக் கவுத்துப் போட்டா உங்களுக்கு என்ன மச்சான் நட்டம்?"

மாமா வாயைத் திறந்தார். நட்டம் இருக்கிறது என்றால் மழையைக் கட்டியதை ஒப்புக்கொண்டதாகும். இல்லை என்றால் கவிழ்க்க வேண்டும். அவருக்கோ, கவிழ்த்தால் மழை கொட்டும் என்பதில் அந்தப் பத்துப் பேரைவிட அதிக நம்பிக்கை. அவர் கல்லைப் பார்த்தார். அறுபதாயிரம் கல், வரிசை வரிசையாக. பிறகு என்னைப் பார்த்தார். நான் நியூட்டனில் ஆரம்பித்துப் பார்த்தேன், உதவுகிற விதி எதுவும் அகப்படவில்லை.

"ஒரு நட்டமும் இல்ல" என்றார் மாமா.

எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிக் கவிழ்த்தார்கள். தட்டு நாலு தூணின்மேல் குப்புறப் படுத்தது. பிரமாதமான கோழிக்கூடு. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்து போனார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் சொட்டு விழுந்தது. காலையிலிருந்தே வானம் இருட்டியிருந்தது, காற்று நின்றிருந்தது, தட்டு எப்படிக் கிடந்தாலும் அது பெய்திருக்கும். இதை நான் சத்தமாகவே சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை. களத்து ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமா கொட்டகையிலிருந்து தென்னங்கீற்றை இழுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். கொட்டகையில் இருந்த கீற்று நாலு வரிசைக்குப் போதும். களத்தில் நாற்பது வரிசை. சொட்டு விழுந்த கல்லில் சின்னச் சின்னக் குழி விழுந்தது. மாமா கீற்றைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசைமேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் உடம்பு ஏறக்குறைய முப்பது கல்லை மறைத்தது.

அப்போது வரப்பின் மேல் ஆட்கள் வருவது தெரிந்தது. முன்னால் கருத்தக்கண்ணன், தலையில் ஒரு கட்டுக் கீற்று. அவருடைய மாட்டுத் தொழுவத்துக் கூரை அது. கயிறுகூட அவிழ்க்காமல் பிடுங்கியிருந்தார். பின்னால் சாக்கு, பாய், உரப் பையில் தைத்த படுதா என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஊர். என் அம்மா எங்கள் வீட்டுக் கதவை மறைக்கிற தட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். விதைத்த சோளத்துக்கு மழை கிடைத்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது, வாய் மட்டும் தம்பியை ஏசிக்கொண்டிருந்தது.

"எந்திரிடா நல்லகாமா! கல்லுக்கு மேல படுத்தா கல்லு வெந்துருமா?"

"அக்கா, நீ எதுக்கு..."

"தூக்குடா அந்தப் பக்கத்த!"

நான் கருத்தக்கண்ணனுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். மனம் நெகிழ்ந்திருந்தது.

"காலையில அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு இப்ப வந்து நிக்கிறீங்களே" என்றேன்.

"பெறகு? நாங்க கவுத்தோம், மழை வந்துச்சு. நாங்க வரவச்ச மழையில அவரு கல்லு கரைஞ்சா அந்தப் பாவம் எங்களத்தான சேரும்? எங்க பயிருக்கு ஒரு நாயம், மச்சான் கல்லுக்கு ஒரு நாயமா?"

பாவம், இல்லாத குற்றத்தைச் சுமக்கிறாரே என்று எனக்கு இரக்கம் வந்தது. "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தட்டுக்கும் மழைக்கும் சம்பந்தமே கெடையாது. இது தானா வந்த மழை."

கருத்தக்கண்ணனின் கை நின்றது. "சம்பந்தமே இல்லையா?"

"அறிவியல்படி இல்ல."

"நாங்க கவுத்ததால வரலையா?"

பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். ஒருவர் பாயைப் பாதி விரித்தபடி நின்றார். நின்றவர்கள்மேலும் மழை பெய்தது, விரிக்காத இடத்திலும் பெய்தது. 'அப்ப இது நம்ம வேல இல்லையோ' என்ற எண்ணம் களம் முழுவதும் மெல்லப் பரவுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"மாப்ள!" என்று நாலு வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா அலறினார். "வாய மூடுடா!"

பிறகு மாமா சேற்றில் எழுந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "நான்தான்யா கட்டுனேன்! டிவிக்கு இல்ல! மழையக் கட்டத்தான் வச்சேன்! நீங்க கவுத்துனதாலதான் வந்துச்சு!"

"அப்படிச் சொல்லுங்க மச்சான்" என்றார் கருத்தக்கண்ணன் நிம்மதியாக. கீற்று விரிந்தது. பாய் விரிந்தது. அம்மா, "கொடும்பாவிப் பயலே" என்று பாராட்டிவிட்டுத் தட்டியைச் சாய்த்து வைத்தாள்.

நான் என் வாயை மூடிக்கொண்டு படுதாவின் ஓரத்தில் கல் வைத்தேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அது நிலைத்திருந்தால் அறுபதாயிரம் கல்லும் கரைந்திருக்கும். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மழை ஒரு மணி நேரம் கொட்டியது. தெற்கு ஓரத்து வரிசைகள் கண்மாயோடு போய்விட்டன. மூன்றில் இரண்டு பங்கு கல் தப்பியது. அதற்கடுத்த வாரம் வெயில் அடித்தது, மாமா சூளையைப் பற்ற வைத்தார். எங்கள் சோளம் முளைத்தது.

சூளையிலிருந்து புகை வந்த அன்று சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். மாமா ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட விஷயம் ஆயிற்றே, அதை அப்படியே விட முடியாது. தட்டை உடைக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கருத்தக்கண்ணன் மறுத்துவிட்டார். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற சாமானை எதற்கு உடைப்பது? களத்து வேலைக்கும் வெயில் வேண்டும், வெள்ளாமைக்கும் மழை வேண்டும், முறை வைத்துக்கொள்வோம் என்றார். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதில்லையா, அது போல. தை முதல் ஆவணி வரை நல்லகாமன் தட்டை நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். இடையில் கோடை மழை வேண்டுமென்று ஊர் கேட்டால் மூன்று நாள் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் ஊரே வந்து கல்லை மூடித் தர வேண்டும். புரட்டாசி பிறந்தால் தட்டு கவிழ்ந்துதான் கிடக்க வேண்டும்.

எழுதுவதற்கு என்னை உட்கார வைத்தார்கள். முதல் வரியாக, 'மேற்படி தட்டு தொலைக்காட்சிக்கான ஆன்டெனா' என்று எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தேவையில்லாததை எல்லாம் சேர்க்காதே என்று அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். மாமா கையெழுத்துப் போட்டார், கருத்தக்கண்ணன் போட்டார், அம்மா கைநாட்டு வைத்தாள்.

"சாட்சிக்கு நீ போடு தம்பி" என்று கருத்தக்கண்ணன் தாளை என் பக்கம் நகர்த்தினார். "பேருக்குப் பக்கத்துல படிப்பையும் எழுதிரு. அப்பத்தான் செல்லும்."

பேச்சிமுத்து என்று எழுதி, பக்கத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், இரண்டாம் ஆண்டு என்று போட்டேன்.